என் கையில் நடந்தது

எங்கள் குடும்பத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் டாக்டரிடம் பேச என்னைத்தான் அனுப்புவார்கள். நிறையப் படித்தவனாம். படித்தது அத்தனையும் கதைப் புத்தகம். ஆனால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு "அப்படியா டாக்டர்" என்று கேட்க அது போதும்.

முக்கூடலில் இருந்த என் அக்காவுக்குப் பித்தக்குழாயில் கல் அடைத்துக் கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம். வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். என்னைவிடச் சின்னவர். அபூர்வமாகக் குடலில் ஓட்டை விழலாம் என்றும் சொன்னார். தலையாட்டினேன். அபூர்வம் என்றால் பக்கத்துக் கட்டில்காரருக்கு என்பதுதானே அர்த்தம்.

மறுநாள் காலை, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வரவேண்டும் என்றார்கள். வந்தாள். கல்லும் வெளியே வந்துவிட்டது. மத்தியானத்துக்கு மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். ஸ்கேன் எடுத்துக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். அத்தான் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து என் கையைப் பிடித்தாள்.

"லே, ஒண்ணு சொல்லுதேன். அத்தான்ட்ட சொல்லிராத."

"சொல்லுக்கா."

"காலைல அந்த நர்ஸ் பிள்ளை ஏதும் குடிச்சீங்களான்னு கேட்டுச்சு. இல்லைன்னுட்டேன். வார வழியில அம்மன் கோயில்ல ஒரு கை தீர்த்தம் குடிச்சிருந்தேன். தீர்த்தத்தைப் போய் யாரு கணக்குல சேப்பா? அதான் இப்படி ஆயிட்டு. நானே இழுத்துக்கிட்டேன்."

"ஒரு கை தண்ணிக்கா? அப்படின்னா கோயிலுக்குப் போன அம்புட்டுப் பேரும் இங்கனதான் கிடக்கணும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என்னை நகைச்சுவை எழுத்தாளர் என்று மேடைகளில் அறிமுகப்படுத்துகிறவர்கள் யாரும் அப்போது பக்கத்தில் இல்லாதது நல்லதாயிற்று.

சாயங்காலம் டாக்டர் அத்தானையும் என்னையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். சுற்றிவளைப்பார் என்று நினைத்தேன். "குழாய் விடும்போது குடல் கிழிஞ்சிருக்கு. என் கையில நடந்தது" என்றார். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், சர்ஜன் வந்துகொண்டிருக்கிறார்.

அத்தான் கைகூப்பினார். "எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுதேன் சார். அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க. பயத்துலயே போயிருவா."

எங்கள் பக்கத்தில் நோயாளிக்கு அவருடைய நோயைச் சொல்வதில்லை. அதற்குப் பெயர் பாசம். என் அப்பா அல்சர் என்று நம்பிக்கொண்டே புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார்.

"வயிறு அவங்களோடது. சொல்லாம எப்படிங்க திறக்கிறது?" என்றார் டாக்டர்.

கட்டில் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்களிடம் சொன்னதை அப்படியே அவளிடமும் சொன்னார். அக்கா கேட்டாள், "தீர்த்தம் குடிச்சதுனாலயா சார்?"

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நான் செய்யும்போது நடந்தது. மன்னிச்சிருங்க."

"அப்ப எம்மேல தப்பில்ல" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள் தெளிவாக இருந்தாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், கோர்ட்டில் ஜெயித்து வந்தவளைப் போல, "எம்மேல தப்பில்லையாம், டாக்டரே ஒத்துக்கிட்டாரு" என்றாள். ஆஸ்பத்திரி மேனேஜர் என்னைத் தனியே அழைத்து, "அண்ணாச்சி, அவங்களைக் கொஞ்சம் பைய பேசச் சொல்லுங்க" என்றார். நான் சொல்லவில்லை. டாக்டர் தினமும் வந்தார், சொந்தக்காரர்கள் முறைக்க முறைக்க. ஒருநாள் அக்கா அவரிடம் கேட்டாள், "இப்பவும் மத்தவங்களுக்குக் குழாய் விடுதீங்களா சார்?"

"விடுறேன்மா."

"பாத்து விடுங்க."

பிறகு சீழ் பிடித்தது. காய்ச்சல், மூச்சு மெஷின். மீளவில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து வேன் பிடித்து வந்த சொந்தம் ஆஸ்பத்திரி வாசலில் கூடியது. "சும்மா விடக்கூடாது வே. அவனே ஒத்துக்கிட்டாம்லா. ரோட்ல உக்காருவோம்."

அத்தான்தான் தடுத்தார். "சொன்னதுக்கா அடிக்கப் போறீய? அவரு வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பீய?"

என்ன செய்திருப்போம்? ஒரு கை தீர்த்தத்தின் மேல் பழியைப் போட்டு, புத்தி கெட்டவள் என்று அவளையும் நாலு வார்த்தை சொல்லி எரித்திருப்போம். டாக்டரை நான் மன்னித்துவிட்டதாக எழுதினால் நன்றாக இருக்கும். மன்னிக்கவில்லை. அவர் சொன்னதற்கு நன்றி உண்டு. ரெண்டும் ஒரே மனதில் ஏதோ வாடகைக்குக் குடியிருக்கின்றன.

காரியம் முடிந்து ஆற்றில் முழுகிக் கரையேறியபோது அத்தான் கேட்டார், "மாப்ள, சொல்ல வேண்டாம்னு நான் டாக்டர்ட்ட சொன்னது அவளுக்குத் தெரியுமா?"

தெரியும். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, "எங்கிட்ட சொல்ல வேண்டாம்னாராலே உங்க அத்தான்?" என்று அவளே என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன்.

"தெரியும் அத்தான்."

"என்ன சொன்னா?"

இந்த இடத்தில் ஒரு நல்ல பொய்யை ஜோடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதுதானே பிழைப்பு. ஆனால் வாயில் வந்தது நடந்ததுதான்.

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டா."

அத்தான் தலையை ஆட்டினார். வேட்டியைப் பிழிந்தார். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் போன பிறகும் பிழிந்துகொண்டே நின்றார்.