கதவுக்கு இந்தப் பக்கம்

அந்தத் தெருவில் அவளுக்குக் கத்திரி அக்கா என்று பெயர். தையல்காரி என்று நினைத்துத் துணிப்பையோடு வந்து நின்றவர்களும் உண்டு. அவள் வெட்டுவது துணியை அல்ல, பேச்சை.

அவளும் அவள் கணவரும் நடத்துவது ஜெராக்ஸ் கடை. கடைக்கு நேர் எதிரே குழந்தைகளுக்கு நடிப்பு சொல்லித்தரும் வகுப்பு. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்தாலும் ஆடிஷன் வந்தாலும் தனியாக நின்று பேச ஒரு பேச்சு வேண்டும். பெற்றோர் எங்கிருந்தாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நகலெடுக்க வருவார்கள். எட்டு வயதுப் பையன் கையில், மனைவியைப் பறிகொடுத்த கிழவரின் புலம்பல் இருக்கும். அக்கா வாயைத் திறக்காமல்தான் நகலெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "இவனுக்கு இன்னும் பால்பல்லே விழல. இவன் எதுக்குங்க பொண்டாட்டிக்காக அழணும்?" என்று கேட்டுவிட்டாள். கேட்டவள் தலையிலேயே வேலை விடிந்தது. அதிலிருந்து பேச்சு பொறுக்கித் தருவதும் கடை வியாபாரத்தில் சேர்ந்துகொண்டது.

அவள் எந்தப் பிள்ளையையும் நடித்துக் காட்டச் சொல்ல மாட்டாள். மெஷின் பக்கத்தில் நிற்க வைத்து, "வீட்ல யாரோட சண்டை?" என்று கேட்பாள். பிள்ளை கொட்டித் தீர்க்கும். குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று அக்கா காகிதம் அடுக்கிக்கொண்டே கவனிப்பாள். அப்புறம் அதற்குத் தோதான பேச்சைத் தேடி எடுப்பாள். கிடைக்காவிட்டால் தானே எழுதுவாள். நடுவே தத்துவம் ஏதாவது தலைகாட்டினால், "இது பெரியவங்க மூளை" என்று கத்தரித்து வீசிவிட்டு மிச்சத்தை ஒட்டித் தருவாள். அழுகைப் பேச்சு மட்டும் அவள் கடையில் கிடைக்காது. "புள்ள அழக் கூடாது. பாக்கறவங்க அழுதா அது அவங்க பாடு" என்பாள்.

தனிப்பேச்சு என்றாலும் யாரையாவது பார்த்துத்தானே பேச வேண்டும்? அந்த யாரோ எப்போதும் அவள் கணவர்தான். பிள்ளைகளுக்கு அவர் ஜெராக்ஸ் மாமா. பேச்சு பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்று பின்னறையில் பார்க்கும்போது, மெஷினை நிறுத்திவிட்டு வந்து ஸ்டூலில் உட்காருவார். அம்மாவாக, தலைமை ஆசிரியராக, ஒரு தடவை காணாமல் போன பூனையாகக்கூட உட்கார்ந்திருக்கிறார். முகம் சுளித்ததே கிடையாது. அவர் பாட்டுக்கு இருந்தார், அக்காவும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தன் மகளை அழைத்து வந்தது அப்படியான ஒரு மாலையில்தான். பெரிய நாடகப் பள்ளி ஒன்றில் ஆடிஷன். பதினோரு வயது நிறைந்தவர்களை ஆடிஷனுக்கே விட மாட்டார்கள், அவளுக்கு அடுத்த மாதம் பதினொன்று. இந்த முறை விட்டால் விட்டதுதான்.

"நல்லா அழுற மாதிரி ஒண்ணு குடுங்கக்கா. மார்க்கை அள்ளிடலாம்" என்றார் அப்பா.

"நீ சொல்லு கண்ணு. உனக்கு ஆசை இருக்கா?"

பெண் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "இருக்காம்" என்றார் அப்பா. குரல் எழும்பாததால் வகுப்பில் அவளுக்கு எப்போதும் மரம் வேஷம்தானாம்.

வீட்டில் யாரோடு சண்டை என்று அக்கா கேட்டாள். கூடப் பிறந்த அக்காவோடு என்றாள் பெண். அவள் கோபித்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாளாம். "அப்போ நீ என்ன பண்ணுவே?" என்றதும் பெண் நிமிர்ந்தாள். "கத்துவேன்!" என்றாள். அது மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அக்கா அன்றைக்கே உட்கார்ந்து எழுதினாள். தன் கூடப் பிறந்த அக்காவின் நீலச் சட்டையைச் சொல்லாமல் போட்டுக்கொண்டு போய்க் கிழித்துவிட்ட தங்கை, மூடிய கதவுக்கு வெளியே நிற்கிறாள். முதலில் தான் கிழிக்கவில்லை என்று சாதிக்கிறாள், பிறகு மிரட்டுகிறாள், கடைசியில் ஒப்புக்கொள்கிறாள். "கேக்குதா? கேக்குதுன்னா ஒரு தட்டு தட்டு" என்று ஒரு வரி. கதவைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் குரல் எழும்பித்தானே ஆக வேண்டும்!

எழும்பியது. கடைப் பின்னறையில் குளியலறை இருந்தது வசதியாகப் போயிற்று. மாமா உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொள்வார், பெண் வெளியே நின்று வாங்கு வாங்கென்று வாங்குவாள். அந்த வரி வந்ததும் உள்ளேயிருந்து சரியாக ஒரு தட்டல் வரும்.

ஆடிஷன் அன்று, "நீங்களும் வாங்கக்கா, எனக்குத் தனியா உக்கார தைரியம் இல்ல" என்றார் மெக்கானிக். அறைக்கு வெளியே, கதவை ஒட்டியிருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். வெளியிலிருந்து யாராவது குரல் கொடுத்தாலோ சைகை செய்தாலோ அந்தப் பிள்ளையின் வாய்ப்பு ரத்து என்று சுவரில் ஒட்டியிருந்தது.

பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள். கதவு மூடியது. அடுத்த நொடி, அக்காவின் காதருகே அந்தக் கதவையே உள்ளேயிருந்து யாரோ படபடவென்று தட்டினார்கள்.

"வெளிய வா! எவ்வளவு நேரம் உள்ளயே இருப்பே?"

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. பார்ப்பவர்களை நோக்கி நின்று, எதிரே கதவு இருப்பதாக நினைத்துக்கொண்டு பேச வேண்டும். நாடகத்தின் அரிச்சுவடியே அதுதான். அதைச் சொல்லித்தராமல் நிஜக் கதவில் பழக்கிவிட்டோமே! பெண் தேர்வாளர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவோடு பேசுகிறாள். அதைவிடப் பெரிய வம்பு பின்னால் வரப்போகிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"கேக்குதா? கேக்குதுன்னா ஒரு தட்டு தட்டு."

பெண் காத்திருந்தாள். தட்ட வேண்டிய மாமா கடையில் இருந்தார். மெக்கானிக்கின் கை தானாகக் கதவை நோக்கி எழுந்தது. அக்கா அதை எட்டிப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள். ஒரே ஒரு தட்டு போதும், பிள்ளை பிழைத்துக்கொள்வாள். அந்த ஒரு தட்டிலேயே எல்லாம் போயும் விடும். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பேசிடு தாயே, பேசிடு என்று வேண்டினாள்.

"தட்ட மாட்டியா?" என்றது உள்ளேயிருந்து குரல். அக்கா எழுதாத வரி அது. "சரி, தட்டாதே. உனக்குக் கேக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியல. ஆனா நான் சொல்லித்தான் ஆகணும். சட்டையைக் கிழிச்சது நான்தான்!"

அக்கா கண்ணைத் திறந்தாள். கடைசி வார்த்தை வரை தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்த தேர்வாளர் அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "யாரு இந்தப் பேச்சை எடுத்துக் குடுத்தது?"

அக்கா எழுந்து நின்றாள். "நான்தாங்க. நிக்கற விதத்தைச் சொல்லிக் குடுக்காதது என் தப்பு. புள்ளையை ஒண்ணும் சொல்லாதீங்க."

"எங்களுக்கு முதுகைக் காட்டிட்டுப் பேசின புள்ளையை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று சிரித்தார் அவர். "ஆனா ஒரு வார்த்தைகூட எங்களுக்குத் தப்பல. எந்தப் பக்கம் திரும்பணும்னு நாங்க சொல்லிக் குடுத்துக்கறோம். அடுத்த மாசம் அனுப்பிவைங்க."

மெக்கானிக் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அழுகைப் பேச்சு கேட்டு வந்தவராயிற்றே, ஆசை நிறைவேறிவிட்டது. பெண் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "மாமாகிட்டயும் சொல்லிடுங்க" என்றாள், வழக்கமான கிசுகிசுப்பில்.

அக்கா கடைக்குத் திரும்பியபோது மெஷின் நின்றிருந்தது. பின்னறைக் குளியலறை மூடியிருந்தது. உள்ளே குழாய் திறந்திருந்தது. அவர் வெளியே வரட்டும் என்று நின்றாள். வந்தபின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வருமா என்று தெரியவில்லை.

"ஏங்க, அவளுக்குக் கிடைச்சுடுச்சு" என்றாள் கதவைப் பார்த்து. "இத்தனை புள்ளைங்க பேசிட்டுப் போச்சுங்க. எல்லாத்தையும் உக்காந்து கேட்டது நீங்கதான். நான் ஒரு நாளும் சொன்னதில்ல. ரொம்ப நன்றிங்க. தண்ணி சத்தத்துல கேக்குதோ இல்லையோ, சொல்லிட்டேன்."

குழாய் நின்றது. கதவில் உள்ளேயிருந்து ஒரு தட்டு விழுந்தது.