கதவுக்கு வெளியே நின்ற சார்

ஹரிதாஸுக்குச் சின்னப் பிள்ளைகள் என்றால் பயம் இல்லை. அவர்களைப் பெற்றவர்கள் என்றால்தான் பயம். அது எப்போது வந்தது என்று கேட்டால், நியாலாஸ் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்குப் பயிற்சிக்காகப் போய் நின்ற முதல் காலையைச் சொல்வான்.

அவன் வீடு குருபோங்கில். அப்பா காளிதாஸ் ஒரு கிடங்கில் பாதுகாவலர். அம்மா வேலாயி வீட்டோடு இருந்தாள். மகன் இயந்திரவியல் படித்துப் பட்டம் வாங்கியபோது அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார்கள். ஆனால் படிப்புக்கேற்ற வேலை எதுவும் அவனைத் தேடி வரவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பெனியில், ஓடும் இயந்திரம் நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலைதான் கிடைத்தது. நாள் முழுக்க ஒரு மனிதரிடமும் பேசத் தேவையில்லாத வேலை. இரண்டு வருடத்தில் அவனுக்குத் தன் குரலே மறந்துபோனது போல இருந்தது.

பட்டதாரிகளுக்கான ஆசிரியர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தான். முதல் விருப்பம் கணிதம், இரண்டாவது அறிவியல். மூன்றாவதைக் காலியாக விட மனம் வராமல் பாலர் கல்வி என்று போட்டு வைத்தான். கிடைத்தது அதுதான்.

"பாலர் பள்ளிக்கூடமா? அது பொம்பளைங்க வேலலா," என்றாள் வேலாயி. "எஞ்சினியருக்குப் படிச்சிட்டு புள்ளைங்களுக்கு மூக்கு சிந்தி விடப் போறியா?"

"அந்த மெஷினு முன்னாடி நிக்கிறதுக்கு இது தேவலம்மா," என்றான்.

பயிற்சியில் அவனைத் தவிர மற்ற எல்லாரும் பெண்கள். பாடங்கள் அவனுக்குப் பிடித்துப்போயின. நாலு வயதுப் பிள்ளை ஏன் கடிக்கிறது, பென்சிலை எப்படிப் பிடிக்க வைப்பது, அழுகிற பிள்ளையிடம் நின்றுகொண்டு பேசாமல் குந்தி உட்கார்ந்து ஏன் பேச வேண்டும் என்பதையெல்லாம் ஆசையாகப் படித்தான். ஆனால் எந்தப் பாடத்திலும் இல்லாத ஒன்றை எல்லாரும் அவனுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளையோடு தனியாக இருக்காதே. கதவைச் சாத்தாதே. மடியில் வைக்காதே. கழிவறைப் பக்கமே போகாதே, அதைப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்.

"உங்களுக்காகத்தான் சொல்றேன் ஹரி," என்றார் விரிவுரையாளர் அம்மா. "ஒரு பேச்சு கெளம்பினா போதும். அப்புறம் உண்மை என்னான்னு யாரும் கேக்க மாட்டாங்க."



பயிற்சிக்குப் போன பள்ளி, எண்ணெய் எடுக்கிற செம்பனை மரத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. முதல் நாள் வாசலில் நின்று, வருகிற பிள்ளைகளுக்கு வணக்கம் சொன்னான். அவன் ஆள் உயரம், தோள் அகலம், தாடி அடர்த்தி. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடின. தாய்மார்கள் ஓடவில்லை. சற்றுத் தள்ளி நின்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கடைசியாக ஒரு லாரி வந்து நின்றது. செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி. அதிலிருந்து இறங்கிய வீரப்பன், தன் மகள் தேவிஸ்ரீயைக் கையில் பிடித்தபடி அவன் முன்னால் வந்து நின்றார்.

"நீ யாரு தம்பி?"

"பாலர் வகுப்புக்குப் புது சார்ணே. பயிற்சிக்கு வந்திருக்கேன்."

வீரப்பன் அவனை மேலும் கீழுமாகப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "இங்க பாரு. எனக்கு ஒரே பொம்பளப் புள்ள. பாடம் சொல்லிக் குடு, வேணாங்கல. ஒன் கை எம்புள்ள மேல படக்கூடாது. பட்டுச்சின்னா நான் பேச மாட்டேன்."

ஹரிதாஸ் தலையாட்டினான். 

அன்றிலிருந்து அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே வகுப்பில் நடந்தான். பிள்ளை விழுந்தால், "எழுந்திரு ராஜா" என்பான், தூக்க மாட்டான். சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தால் பாக்கியலட்சுமி அக்காவைக் கூப்பிடுவான். பாக்கியலட்சுமி வகுப்பின் உதவியாளர். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பதும் கழுவி விடுவதும் அவர் பொறுப்பு. ஒரு நாள் ஒரு பயல் பின்னாலிருந்து ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டான். ஹரிதாஸ் இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி, போலீஸ்காரனின் துப்பாக்கிக்கு முன்னால் நிற்பவன் போல நின்றான். வகுப்பாசிரியை புனிதா டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"இப்படி எத்தன நாளைக்கு சார்?" என்று கேட்டார்.

 இரவில் படுத்தால், யாரோ எதையோ சொல்லி, அம்மா கூடத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். காலையில் பள்ளிக்கு வரும் வழியில் செம்பனை மரங்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, மூச்சு சீராகும்வரை நின்று, பிறகுதான் கிளம்புவான்.

அது நடந்தது ஒரு புதன்கிழமை, பத்து மணிச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். புனிதா டீச்சரைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பாக்கியலட்சுமி அக்கா திடலுக்கு அந்தப் பக்கம் இருந்த சிற்றுண்டிச்சாலைக்குச் சாப்பாடு எடுக்கப் போயிருந்தார். பிள்ளைகள் களிமண் உருட்டிக்கொண்டிருந்தன. தேவிஸ்ரீ எழுந்து, வகுப்பின் பின்பக்கம் இருந்த கழிவறைக்குப் போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் யாரும் தாழ்ப்பாள் போடக்கூடாது என்பது வகுப்பு விதி. ஆனால் சார் இருக்கும்போது கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள் என்று வீட்டில் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் தொம்மென்று ஒரு சத்தம். வாளி உருண்டது. அப்புறம் அழுகை.

"அக்கா! பாக்கியம் அக்கா!"

ஹரிதாஸ் கழிவறைக் கதவுக்கு ஓடினான். ஓடியவன் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டான்.

"தேவிஸ்ரீ, என்னாச்சிம்மா? கதவத் தொற."

"அக்கா! டீச்சர்!"

அவள் எல்லாரையும் கூப்பிட்டாள், அவனைத் தவிர. அவன் சன்னலுக்குப் போய்ச் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் பார்த்துக் கத்தினான். திடலில் புல்வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. யார் காதிலும் விழவில்லை. திரும்பவும் கதவடிக்கு வந்தான். கையைத் தூக்கிக் கதவில் வைத்தான். உள்ளே பிள்ளை எப்படிக் கிடக்கிறதோ, உடம்பில் துணி இருக்கிறதோ இல்லையோ. உடைத்துக்கொண்டு உள்ளே போனால் நாளைக்கு என்ன சொல்வார்கள்? வீரப்பன் முகம் கண்ணுக்குள் வந்தது. உள்ளங்கை வேர்த்து, கதவில் ஈரம் பதிந்தது. இதோ அக்கா வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார் என்று நின்றான்.

எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்கே தெரியாது. உள்ளே அழுகை தேய்ந்து முனகலானது. பிறகு முனகலும் நின்றது.

அந்த அமைதிதான் அவனைத் தள்ளியது. தோளால் ஒரே இடி. தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு போனது. தேவிஸ்ரீ சுவரோரம் சாய்ந்து கிடந்தாள். பாவாடை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நெற்றி புருவத்துக்கு மேல் பிளந்து, தண்ணீரும் இரத்தமுமாகத் தரை முழுக்கச் சிவப்பு. கண் பாதி திறந்திருந்தது. கொக்கியில் தொங்கிய துண்டை இழுத்து அவளைச் சுற்றி, இன்னொரு துண்டை நெற்றியில் அழுத்தி, தூக்கிக்கொண்டு திடலுக்கு ஓடினான். புல்வெட்டியவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மேல் வகுப்புப் பிள்ளைகள் சன்னலில் முட்டி மோதின. எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது. கால் மட்டும் நிற்கவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த புனிதா டீச்சர் தன் காடியைக் கிளப்பினார். பாக்கியலட்சுமி அக்கா பிள்ளையை அவன் கையிலிருந்து வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். காடி ஜாசின் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. ஹரிதாஸ் சட்டையெல்லாம் இரத்தமாகத் திடலில் நின்றான். பிறகு வகுப்பில் மற்ற பிள்ளைகள் தனியாக இருப்பது நினைவுக்கு வந்து திரும்பி ஓடினான்.

தையல் போட்டார்கள், பயப்பட ஒன்றுமில்லை, மயக்கமும் தெளிந்துவிட்டது என்று மத்தியானம் புனிதா டீச்சர் போன் செய்தார். தலைமையாசிரியர் அவனைக் கூப்பிட்டு, "நீங்க யார்கிட்டயும் ஒன்னும் பேச வேணாம். அப்பா வந்தா நான் பேசிக்கிறேன்," என்றார். அன்று வீட்டுக்குப் போனவன் சட்டையை அம்மா கண்ணில் படாமல் ஊறவைத்தான்.  வாசலில் எந்த வண்டி நின்றாலும் லாரிச் சத்தமாகவே கேட்டது.

வீரப்பன் மறுநாள் காலை வந்தார். தலைமையாசிரியர் அறைக்குப் போகவில்லை. நேராகப் பாலர் வகுப்பு வாசலுக்கு வந்து, "தம்பி, வெளிய வா," என்றார். ஹரிதாஸ் போனான்.  அடி விழுந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தான்.

"கதவ ஒடச்சது நீயா?"

"ஆமாண்ணே. வேற வழி இல்லண்ணே. துண்டச் சுத்தித்தான் தூக்கினேன், சத்தியமா..."

"அத யாரு கேட்டா?" என்றார் வீரப்பன். அவர் கண் சிவந்திருந்தது, இரவெல்லாம் தூங்காத சிவப்பு. "எப்ப ஒடச்ச? அதச் சொல்லு."

ஹரிதாஸ் திரும்பி, தாழ்ப்பாள் பிய்ந்து கிடந்த கதவைப் பார்த்தான்.

"கதவுக்கு அடியில ஒன் காலு தெரிஞ்சிச்சாம். புள்ள சொல்லுது. 'சார் காலு அங்கயே நின்னுச்சிப்பா, சார் உள்ள வரவே இல்ல'ன்னு. ராத்திரி முழுக்க அதையே சொல்லுது. என்னாத்துக்குய்யா நின்ன?"

எத்தனையோ இரவு எத்தனையோ குற்றச்சாட்டை அவன் கற்பனை செய்து பார்த்திருக்கிறான். இது அதில் இல்லை.

"பயந்துட்டேன்ணே."

"எதுக்குப் பயந்த?"

"உங்களுக்குத்தான்."

வீரப்பன் அடிப்பது போலக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அங்கேயே நின்று, அப்புறம் அவர் தலைக்குப் போய் முடியைக் கோதியது. "நான் சொன்னது..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. "நீ வாத்தியாருலா. நான் ஆயிரம் சொல்லுவேன். அதுக்காக?" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

வேலாயிக்கு விஷயம் தெரிந்தபோது, "போதும்யா, கம்பெனிக்கே போயிரு. நமக்கு இந்தப் பொழப்பு வேணாம்," என்று அழுதாள். ஹரிதாஸும் போய்விடத்தான் நினைத்தான். பயிற்சியை விட்டு விலகுவதாகப் புனிதா டீச்சரிடம் சொன்னான்.

"விலகிட்டா?" என்று கேட்டார் டீச்சர். "அந்தப் புள்ள மனசுல நீங்க கடைசி வரைக்கும் கதவுக்கு வெளியதான் நிப்பீங்க. சரியா வருமா சார்?"

அவன் விலகவில்லை. தேவிஸ்ரீ அடுத்த வாரம் நெற்றியில் கட்டோடு வந்தாள். அவன் குந்தி உட்கார்ந்து, "நான் சீக்கிரம் வந்திருக்கணும்மா. வரல. தப்பு என்னுதுதான்," என்றான். அவள் அவனைப் பார்த்தாள், அவன் சப்பாத்தைப் பார்த்தாள், பாக்கியலட்சுமி அக்காவிடம் போய் ஒட்டிக்கொண்டாள். மற்ற பிள்ளைகளை அவன் இப்போது தூக்கினான், மூக்குத் துடைத்தான், கயிறு கட்டிவிட்டான். ஒவ்வொரு தடவையும் வாசல் பக்கம் ஒரு பார்வை போனது, இருந்தாலும் செய்தான். அவள் மட்டும் அவன் நீட்டிய தண்ணீர்ப் போத்தலைக்கூட வாங்கவில்லை. பயிற்சி முடிந்து அவன் கிளம்பிய நாளிலும் கை அசைத்த பிள்ளைகளுக்குள் அவள் இல்லை. அது அவனுக்கு இன்றுவரை ஆறவில்லை.

பயிற்சி முடிந்து பெம்பான் பக்கத்து ஒரு பள்ளிக்கு அவனைப் பாலர் வகுப்பு ஆசிரியராகவே அனுப்பினார்கள். பள்ளி திறக்கும் முன் பெற்றோர் கூட்டம். பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முட்டியைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதே பார்வை, அதே முணுமுணுப்பு. ஹரிதாஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசினான்.

"நான்தான் ஒங்க புள்ளைங்களோட இருக்கப் போறேன். விழுந்தா நான் தூக்குவேன். உதவிக்கு இருக்கிற அக்கா இல்லாத நேரத்துல அசிங்கம் பண்ணிட்டா நான்தான் கழுவி விடுவேன். புள்ள கூப்பிட்டா யாரையும் கேக்காம உள்ள போவேன். இது வேணாம்னு நெனைக்கிறவங்க இப்பவே சொல்லிருங்க. நான் கோவிச்சிக்க மாட்டேன்."

  முன் வரிசையில் இருந்த ஒரு தாய் கைப்பையை எடுத்துக்கொண்டு, மகளை நடத்திக்கொண்டு வெளியே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவனும் தடுக்கவில்லை. இன்னும் யார் யார் எழுவார்களோ என்று வரிசைகளைப் பார்த்தான்.

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். கம்பெனிச் சீருடை, வேலை முடிந்து அப்படியே வந்திருந்தார். பெயர் சேகரன் என்றார். வெளியே போகவில்லை. நின்ற இடத்திலேயே, மற்றவர்கள் காதில் விழக்கூடாது என்பது போலத் தணிந்த குரலில் கேட்டார்.

"சார், எம்மவனுக்கு அப்பப்ப வலிப்பு வரும். ரெண்டு தடிகாவுல, பாலர் பள்ளியில, சேத்துக்க மாட்டோம்னு அனுப்பிட்டாங்க. இங்க வந்தா... நீங்க என்னா செய்வீங்க?"

ஹரிதாஸ் அதைப் பாடத்தில் படித்திருக்கிறான். கண்ணால் ஒரு தடவையும் பார்த்ததில்லை. தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சேகரனுக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குண்ணே," என்றான். "வலிப்பு வர்றதுக்கு முன்னாடி அவன் எப்படி இருப்பான்? மொதல்ல இருந்து சொல்லுங்க."