நாலு கால் பாய்ச்சல்

அகதியாக மொன்றியலுக்கு வந்த புதிதில் ஓர் ஏலக்கடையில் சாமான் தூக்கினேன். என்னோடு வேலை செய்த திருகோணமலை அண்ணை, முன்பு நுவரெலியாவில் பந்தயக் குதிரைகளைப் பராமரித்தவர். ஒருநாள் இங்கிலாந்துக் குதிரைப் பந்தயத்தைக் காட்டும் பழைய ஓவியமொன்றை ஏலத்துக்காக இருவரும் தூக்கிப் பிடித்தோம்.

“நாலு காலையும் விரிச்சு எந்தக் குதிரையும் இப்பிடிப் பறக்காது,” என்றார் அண்ணை.

முன்வரிசையில் இருந்த வயதான பெண்மணி, அவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்; அண்ணை முன்பு குதிரை பராமரித்தவர் என்பதையும் சேர்த்தேன்.

“உண்மைதான். கமரா வருவதற்கு முன் எல்லோரும் அப்படித்தான் வரைந்தார்கள்,” என்று சிரித்தார். ஓவியத்தை அவரே வாங்கினார். போகும்போது, தன் குதிரைகளைப் பராமரிக்க அண்ணை வேலைக்கு வருவாரா என்று கேட்டார். நான் தமிழில் சொல்லி முடிக்குமுன்பே அண்ணை, “ஓம், வாறன்,” என்றார்.

அடுத்த கிழமை அண்ணை அந்த வேலைக்குப் போய்விட்டார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மத்தியானத்தில் தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை.