அக்காவின் கைராசியும் என் விளம்பரக் கணக்கும்

அந்த மின்னஞ்சலைப் படித்த கோபத்தில் கைப்பேசியைப் பன்னிரண்டாவது மாடியிலிருந்து வீசியிருப்பேன். கீழே கார்கள் நின்றதால் அது தப்பியது. என் இணையதளத்தில் வரும் விளம்பரங்களில் செல்லாத கிளிக்குகள் விழுந்திருக்கின்றனவாம். அதனால் விளம்பரக் கம்பெனி என் கணக்கை மூடிவிட்டதாம். யார் செய்தது, எப்போது செய்தது என்று ஒரு வார்த்தை கிடையாது.

அடுக்குமாடி வீட்டில் செடி வளர்ப்பதைப் பற்றித் தமிழில் எழுதும் தளம் அது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலையை விட்ட பிறகு ஆரம்பித்தேன். தொட்டிக் கறிவேப்பிலை ஏன் முரண்டு பிடிக்கிறது, வெயிலே படாத பால்கனியில் என்ன வைக்கலாம் என்றெல்லாம் எழுதுவேன். பக்கத்தின் ஓரத்தில் விளம்பரங்கள் வரும். படிக்க வருகிறவர்கள் விருப்பப்பட்டு அவற்றைத் தொட்டால் எனக்கு ஏதோ கொஞ்சம் கிடைக்கும். நானோ என் வீட்டாரோ வேண்டுமென்றே தொட்டால் அது ஏமாற்று வேலை. அது தெரிந்ததால் என் விரல் அந்தப் பக்கமே போனதில்லை.

புலம்புவதற்கு எனக்கு ஒரே இடம் அக்காவின் பூக்கடைதான். லிட்டில் இந்தியாவில், ஒரு வளையல் கடைக்கு எதிரே சின்னக் கடை. போனபோது சாமந்தியைக் கூடையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் முந்திக்கொண்டாள்.

"வந்துட்டியா? உனக்குப் போணி பண்ணியாச்சு லா. இன்னைக்கு நாலு விளம்பரத்த அமுக்கினேன். வளையல் கடை அண்ணனையும் அமுக்கச் சொன்னேன். தினமும் உனக்குப் பண்ணிட்டுத்தான் என் கடை சாமிக்கே பூ வைக்கிறேன்."

யார் செய்தது என்பது தெரிந்துவிட்டது.

அக்காவின் கைராசி அந்தத் தெருவுக்கே தெரியும். முன்பெல்லாம் வளையல் கடை அண்ணன் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருப்பார். அவள் போய் ஒரு பாக்கெட் ஊக்காவது வாங்கினால்தான் மீதி ஷட்டர் மேலே போகும். அத்தான் இறந்த பிறகு அது நின்றுவிட்டது. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவள் வருவதற்கு முன்பே ஷட்டர் முழுசாகத் திறந்திருந்தது, அவ்வளவுதான். அக்காவும் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாண மாலைகளை மட்டும் தன் கையால் எடுத்துக் கொடுக்காமல், "நீங்களே எடுத்துக்குங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலில்தான் தளம் தொடங்கிய அன்று அவள் கையில் கைப்பேசியைக் கொடுத்து, "நீதான் போணி பண்ணணும்" என்றேன். தளத்தைத் திறந்து பார்த்தால் போதும் என்று நினைத்துச் சொன்னது. கடை வைத்திருப்பவளுக்குப் போணி என்பது தினசரிக் காரியம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அவளிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து மேல்முறையீடு எழுதினேன். போணியை ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. என் அக்கா திருடி இல்லை, நான் நன்றாக இருக்க வேண்டும் என்று தொட்டாள், இனிமேல் தொடமாட்டாள் என்று எழுதினேன். முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. விதியைப் பார்த்தால் அவர்கள் செய்தது சரிதான். ஆனாலும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"விளம்பரம் ஒண்ணையும் காணோமேடி?" என்று அக்கா கேட்டபோது, ரிப்பேர் என்று சமாளித்தேன். இரண்டாவது தடவை கேட்டபோது, எதிர்க்கடையிலிருந்து வளையல் கடை அண்ணன் நல்லவிதமாகவே குரல் கொடுத்தார்.

"தெரிஞ்சவங்க அமுக்கினா கணக்க மூடிருவாங்களாம்க்கா. என் மவன் சொன்னான்."

அக்கா தொடுத்துக்கொண்டிருந்த சரத்தை மடியில் வைத்தாள்.

"அப்போ என் கைதானா?"

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. அண்ணன் முகம் சுருங்கி உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா என் கைப்பேசியைத் தொடுவதே இல்லை. தன் பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடப் பையைக்கூட வேறு யாரையாவது எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். விளம்பரக் கணக்கு போனதை நான் எப்படியோ விழுங்கிக்கொண்டேன். இதை விழுங்க முடியவில்லை.

எழுதிப் பிழைக்க வழியில்லையென்றால் செடியையே விற்போம் என்று, பால் டின்களில் கறிவேப்பிலைக் கன்றுகளை எடுத்துப்போய் அவள் கடை ஓரத்தில் அடுக்கினேன். வைத்து முடிப்பதற்குள் ஓர் அம்மா வந்து விலை கேட்டார்.

"கொஞ்சம் இருங்கம்மா. இன்னும் போணி ஆகல" என்று சொல்லிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். "வந்து ஒண்ணு வாங்கு."

"வேணாம்டி. ஒண்ணு போனது போதாதா?"

"அந்தக் கம்பெனிக்கு உன் கையப் பத்தி என்ன தெரியும்? எனக்குத் தெரியும். நீ வாங்காம ஒரு கன்னும் இங்கேருந்து போகாது."

குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. தெரு திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா பொறுமையாக நின்றார். எதிர்க்கடையில் அண்ணனும் வளையல் அடுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து, கடைசியில் எழுந்து வந்தாள். ஒவ்வொரு டின்னாகத் தூக்கிப் பார்த்தாள்.

"இது வாடிக் கெடக்கு. வெலையக் கொறச்சுக் குடு."

"போணி நேரத்துல பேரம் பேசாத அக்கா!"

சிரித்துவிட்டாள். ஒரு நோட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றி என் கையில் வைத்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

மறுநாள் காலையில் மிச்சக் கன்றுகளோடு தெருவுக்குள் நுழைந்தேன். அக்கா இன்னும் வந்திருக்கவில்லை. வளையல் கடை அண்ணன் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு, தெருமுனையைப் பார்த்தபடி வெளியே நின்றார்.