கண்ணைக் கட்டித் தேர்ந்தெடுத்த மென்பொருள்

பௌர்ணமியன்று சகாதேவன் செங்கம் ரோட்டில் ஆட்டோவுக்கு நிற்க மாட்டான். நின்றால் கையில் சில்லறை விழும். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை, இங்கிலீஷில் எம்.ஏ. எதுவும் எடுபடாது. கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைக் குச்சியும் இருந்தால் போதும், கிரிவலம் வருகிற ஜனம் புண்ணியத்தை அவன் உள்ளங்கையில் அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஒருமுறை, தான் ஆட்டோவுக்கு நிற்பதாக ஓர் அம்மாளிடம் சொல்லிப் பார்த்தான். அந்தம்மாள் 'ஐயோ பாவம்' என்று ஆட்டோவுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனாள். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுக்கிற பழக்கம் இந்த ஊரில் கிடையாது. கேட்டால் புண்ணியம் கம்மியாகிவிடும் போலிருக்கிறது.

சகாதேவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கீழ்பென்னாத்தூர்க்காரன். அப்பாவுக்கு மல்லாட்டை விவசாயம், அதாவது வேர்க்கடலை. மனைவி சந்திரகலாவுக்கு டவுனில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. இவனுக்கு வேலை கிடையாது. கோபம் மட்டும் நிறைய உண்டு. மூக்கின் நுனியில் உட்கார்ந்திருக்கும். 'உங்களுக்குக் கண்ணு தெரியலன்றது பத்தாதுன்னு வாயும் அடங்கலயே' என்பாள் சந்திரகலா.

2008-இல் ஒரு வேலை வந்தது. உள்ளூர் கேபிள் டிவி நடத்துகிற புகழேந்தி, காலைச் செய்திக்கு நாட்டு நடப்பு, உலக நடப்பு திரட்டித் தர ஆள் தேடினார். இங்கிலீஷ் பத்திரிகைகளை இன்டர்நெட்டில் மேய்ந்து, முக்கியமானதைப் போனில் தமிழில் சொன்னால் அங்கே எழுதிக்கொள்வார்கள். சகாதேவன் வந்து கேட்டபோது புகழேந்தி கொஞ்சம் தயங்கினார். அப்புறம், ஒண்ணாந்தேதியிலிருந்து ஆரம்பிக்கலாம், ஆனால் செய்தி நேரத்துக்கு வந்தாக வேண்டும், ஒருநாள் தவறினாலும் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றார். எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னார். அதனாலேயே சகாதேவனுக்கு அவரைப் பிடித்துப்போனது.

செய்தி திரட்ட அவனுக்கு இருந்த ஒரே இடம் தேரடித் தெருப் பக்கம் ஒரு மாடி அறை. மலைச்சுடர் நற்பணி மன்றம் பார்வையற்றவர்களுக்காக நடத்துகிற கம்ப்யூட்டர் சென்டர். அங்கே ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்கிற ஸ்கிரீன் ரீடர் அதில் உண்டு. ஆனால் ஒவ்வொரு பத்திரிகைத் தளமாகப் போய் விளம்பரத்தையும் வாசகர் கருத்தையும் காதால் நீந்திக் கடந்து செய்தியைப் பிடிப்பதற்குள் அது பழைய செய்தியாகிவிடும். பல தளங்களின் தலைப்புகளை ஒரே இடத்தில் வரிசையாகக் கொண்டுவந்து வைக்கிற ஃபீட் ரீடர் என்று ஒரு ஜாதி மென்பொருள் உண்டு. அதில் தனக்கு ஒத்துவருவதைத் தேடி உட்கார்ந்தான்.

ஒன்று, மவுஸ் இல்லாமல் அசைய மாட்டேன் என்றது. இன்னொன்று, தானாகப் புதுப்பித்துக்கொள்கிறேன் பேர்வழி என்று, செய்தியைப் பாதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவனைத் தூக்கிப் பட்டியலின் தலைமாட்டில் போட்டது. மூன்றாவதில் எல்லாமே படம். படத்துக்குப் பேர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் ஒன்று அகப்பட்டது. இந்தப் பக்கம் பத்திரிகைகளின் பெயர், அந்தப் பக்கம் தலைப்புகள். அம்புக்குறி விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பு, என்டர் தட்டினால் செய்தி. படித்ததைத் திரும்பச் சொல்லிப் பிராணனை வாங்காது. பார்க்க லட்சணமாக இல்லையே என்றாள் சென்டரில் பாடம் நடத்துகிற தேவிப்ரியா. தான் ஒன்றும் பார்க்கப்போவதில்லையே என்றான் சகாதேவன்.

இந்த நேரத்தில்தான் மன்றத்துக்கு ஒரு சென்னைப் பிரமுகர் புதுக் கம்ப்யூட்டர்களை அள்ளிக் கொடுத்தார். மன்றத் தலைவர் ஆதிமூலம் ஓய்வுபெற்ற தாசில்தார். சும்மா வாங்கிவிடுவாரா? அவற்றில் செய்தி படிக்க எந்த மென்பொருளைப் போடுவது என்று தேர்வுக் கமிட்டி போட்டார். கமிட்டியில் கண் தெரியாதவர் ஒருவரும் இல்லை. அவர்களுக்குத்தான் இது இலவசமாயிற்றே, அவர்களுக்கு எதற்கு வீண் அலைச்சல்?

ஆனாலும் அநியாயம் சொல்லக்கூடாது, கமிட்டி சோதித்துத்தான் பார்த்தது. எப்படி என்று தேவிப்ரியா வந்து சொன்னாள். ஆதிமூலம் முதலில் திரையில் எது எங்கே இருக்கிறது என்று நன்றாகப் பார்த்துக்கொண்டாராம். அப்புறம் கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டாராம். அப்புறம் மவுஸைப் பிடித்து ஒரு தட்டு. செய்தி திறந்தது. மூன்று பேர் கட்டிப் பார்த்தார்கள், மூன்று பேருக்கும் திறந்தது. கலர் பிரமாதம், படங்கள் தானாக ஓடுகின்றன, போட்டோவில் எடுப்பாக விழும். ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. புது மெஷின்களில் வேறு எதையும் போட முடியாதபடி பாஸ்வேர்டு வைத்து, அதைத் தலைவர் தன் வசம் வைத்துக்கொண்டார். கிழட்டுக் கம்ப்யூட்டர் திறப்பு விழாவுக்கு முன்பே காயலான் கடைக்குப் போய்விட்டது. சகாதேவன் தேடிப் பிடித்த ரீடரும் அதோடு போயிற்று. ஒண்ணாந்தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஓடினான் ஆதிமூலம் வீட்டுக்கு. புதியது தனக்கு உதவாது, ஒரே ஒரு மெஷினில் தன்னுடையதைப் போட விடுங்கள், இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்று கேட்டான். அவர் காபி கொடுத்தார்.

"கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் தம்பி பாத்தோம். உங்க கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

போதாக்குறைக்கு, விழாவில் அவனே உட்கார்ந்து அதை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். போக மாட்டேன் என்று வீட்டில் குதித்தான். சந்திரகலா குதிக்கவில்லை.

"போய் உக்காருங்க. ஸ்பீக்கர் சத்தத்த மட்டும் ஜாஸ்தியா வைங்க. அது பேசற அழகு எல்லார் காதுலயும் உழட்டும்."

சென்டர் வாசலில் பந்தல் போட்டு விழா நடந்தது. குத்துவிளக்கு, பொன்னாடை, மறுபடி பொன்னாடை. பிரமுகர் பக்கத்தில் நிற்க, சகாதேவன் கீபோர்டில் கை வைத்தான். முதல் தட்டு.

"பட்டன்," என்றது கம்ப்யூட்டர், பந்தல் முழுக்கக் கேட்கும்படி.

எதற்கான பட்டன் என்று சொல்லவில்லை; பட்டனுக்கு யாராவது பேர் வைத்திருந்தால்தானே ஸ்கிரீன் ரீடர் அதைப் படிக்கும். அடுத்த தட்டுக்கும் பட்டன். அதற்கடுத்தும் பட்டன். நடுவில் ஒரு மாறுதலுக்கு "கிராஃபிக்" என்றது. பிறகு பட்டன், பட்டன், பட்டன். சகாதேவன் விடாமல் தட்டினான். ஒரு செய்தி, ஒரு தலைப்பு, ஓர் ஊர்ப் பெயர்கூட வரவில்லை. இப்போது புரிந்திருக்கும், யாராவது எழுந்து கேட்பார்கள் என்று கையை எடுத்தான்.

கூட்டம் கை தட்டியது. விட்டுவிட்டுத் தட்டவில்லை, ஓயாமல் தட்டியது. கம்ப்யூட்டர் பேசுகிறதே. பிரமுகர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாக அப்புறம் தேவிப்ரியா சொன்னாள். சகாதேவன் எழுந்து, இது செய்தியே படிக்கவில்லை ஐயா, பட்டன் பட்டன் என்றுதான் சொல்கிறது என்றான். பிரமுகர் தோளில் தட்டிக்கொடுத்தார். பழகப் பழக வந்துவிடும் தம்பி, மனசைத் தளரவிடாதீங்க என்றார். ஆக, அது செய்தி படிக்காதது இவனுக்குப் பழக்கம் போதாததால். இதற்கும் கை தட்டினார்கள்.

பிரமுகரின் கார் போனதும் சகாதேவன் ஆதிமூலத்தை அந்த மெஷின் முன்னால் உட்காரவைத்தான். மவுஸைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். திரையின் விளிம்பைத் தடவி, பொத்தானை அமுக்கி, அதை அணைத்தான்.

"கைக்குட்டை வேணாம் சார். ஒரே ஒரு செய்தி எடுத்துக் குடுங்க."

ஆதிமூலம் ஏதோ தட்டினார். பட்டன் என்றது. இன்னொரு தட்டு, பட்டன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஸ்கிரீன அணைச்சிட்டா எப்படிப்பா பாக்கறது?"

தேவிப்ரியாதான் முதலில் சிரித்தாள். நாற்காலி மடித்துக்கொண்டிருந்த பந்தல்காரர்களும் சிரித்தார்கள். ஆதிமூலத்துக்கு உறைத்ததா என்றால், இல்லை. இது என்ன மரியாதை என்று எழுந்தார். சகாதேவனுக்குத் தொண்டை வரைக்கும் வந்த வார்த்தைகள் அச்சில் ஏறாதவை. அவற்றை விழுங்கிவிட்டு, அன்றுவரை அவன் செய்யாத ஒரு காரியம் செய்தான். குரலை இறக்கிப் பேசினான்.

"ஒண்ணாந்தேதிலேர்ந்து கேபிள் டிவில காலைச் செய்தி நான்தான் சார் குடுக்கறேன். இந்த விழாவையும் சொல்லணும். தலைவர் பேரோட சொல்லணும்னு ஆச. செய்தி எடுக்க முடியலன்னா வேற ஆள் வந்துடுவான். அவனுக்கு உங்க பேர் எங்க தெரியப்போவுது?"

எழுந்த ஆதிமூலம் மறுபடி உட்கார்ந்தார். மூலையில் இருக்கிற ஒரே ஒரு மெஷினில் மட்டும், யாராவது வந்தால் கண்ணில் படாதபடி துணி போட்டு மூடிவைக்கிறதாக இருந்தால், என்று சொல்லி பாஸ்வேர்டைக் கொடுத்தார். அது அவருடைய பெயர்தான்.

ஒண்ணாந்தேதி காலைச் செய்தி நேரத்துக்குப் போயிற்று. கச்சா எண்ணெய், பங்குச் சந்தை, ஏதோ ஒரு நாட்டில் தேர்தல், கடைசியில் மன்றத்தின் விழா. 'கம்ப்யூட்டர் இடைவிடாமல் பேசியது, பலத்த கைதட்டல் எழுந்தது' என்று சகாதேவன் சொல்லியிருந்தான். ஒரு சொல் பொய்யில்லை. செய்தி முடிந்ததுமே ஆதிமூலம் புகழேந்திக்குப் போன் போட்டார். தன் பெயருக்கு முன்னால் இனிஷியலை விட்டுவிட்டார்களாம்.

சகாதேவனுக்கு வேலை நிலைத்தது, கோபமும் நிலைத்தது. துணி போட்ட மூலை மெஷினுக்கு மற்றப் பார்வையற்றவர்கள் முறை வைத்துக் காத்திருக்கிறார்கள். புது மெஷின்கள் வரிசையாகச் சும்மா மின்னிக்கொண்டிருக்கின்றன. வெளியூர் விருந்தினர் வந்தால் மட்டும் ஒன்றை ஓட்டிக் காட்டுவார்கள். அது பட்டன் என்கிறது. அவர்கள் கை தட்டுகிறார்கள்.