ஐம்பத்திரண்டாவது தொப்பி

கடலை ரசிக்காதவர்கள் உலகத்தில் உண்டா? உண்டு. மூன்று வாரங்களாக, நான்.

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மணல்வெளியில் நின்று தொப்பி எண்ணிக்கொண்டிருந்தேன். நீச்சல் தொப்பிகள். எல்லாம் ஆரஞ்சு நிறம். போட்டிக்காக ஐம்பத்திரண்டு பேர் கடலில் இறங்கினார்கள் - எண்ணினேன். ஐம்பத்தோரு பேர் கரையேறினார்கள் - அதையும் எண்ணினேன். வராத ஒரு தொப்பிக்குள் இருந்தது என் மகள் வித்யாவின் தலை.

எண்ணிக்கையில் தப்பு இருக்குமோ? இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடச் சுற்றுலாக்களில் தலை எண்ணிப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றுகிற டீச்சர் நான். என் எண்ணிக்கை தப்பாது. வாழ்க்கையில் முதல் முறையாக, தப்பட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மைக் பிடித்திருந்த இளைஞர் ஒருவர் வந்தார். “கவலைப்படாதீங்க மேடம், போட் போயிருக்கு” என்றார். போட் போயிருக்கிறது என்றால் கவலை குறையுமா, கூடுமா? இந்த விளையாட்டு நடத்துகிறவர்களுக்கு அம்மா என்று யாரும் இருந்ததில்லை போலிருக்கிறது.

என் கணவர் மணலில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தார். “சும்மா இரு. வந்துடுவா” என்றார். அவருடைய ஒரே வசனம் அது. கரண்ட் போனாலும் அதைத்தான் சொல்வார்.

பதற்றத்தில் செல்போனை எடுத்து அவள் நம்பருக்கு அடித்தேன். “ஏங்க, ரிங் போகுதுங்க!” என்று கத்தினேன். போகாமல்? என் கைப்பைக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தது. இறங்கும்போது என்னிடம்தானே கொடுத்துவிட்டுப் போனாள்...

அசடு வழியத் திரும்பினால் மணலில் பேப்பர் மட்டும் கிடந்தது. அவர் பேன்ட்டோடு முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. வாளித் தண்ணீரையே தள்ளி நின்று மொண்டு ஊற்றிக்கொள்கிறவர்.

அவர் அங்கேயே நிற்கட்டும். இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வித்யாவுக்கு இருபத்தாறு வயது. பல் டாக்டர். செங்கம் ரோட்டில் சின்னதாக ஒரு கிளினிக். போன ஜூலையில், எடை பார்க்கும் மெஷின் சொன்ன சேதி பிடிக்காமல் ஓட ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் இந்த மாதிரித் தீர்மானங்களுக்குப் பத்து நாள் ஆயுள். என் யோகா ஒன்பதாம் நாள் காலமானது. அந்த நம்பிக்கையில்தான் நானும் சும்மா இருந்தேன்.

ஓடுவதற்குத் திருவண்ணாமலையில் சாலைக்கா பஞ்சம்? மலையைச் சுற்றி பதினாலு கிலோமீட்டர், அளந்து போட்டது போல் இருக்கிறது. முதல் நாளே தகராறு. வாசலில் இறங்கியவள் இடது பக்கம் திரும்பாமல் ஊர்ப் பக்கமாகக் கிளம்பினாள்.

“எங்கடி அந்தப் பக்கம் போற?”

“இப்படி ஓடுனா திரும்பி வரும்போது வெயில் மூஞ்சில அடிக்காதும்மா.”

“அடிச்சா அடிக்கட்டும். மலை வலது கைப்பக்கம்தான் இருக்கணும். அப்பிரதட்சணமா சுத்துற வேலையெல்லாம் வேணாம்.”

“நான் சாமி சுத்தலம்மா. எக்சர்சைஸ் பண்றேன்.”

“மலைக்கு அது தெரியுமா?”

பல் டாக்டர் ஷூ லேஸை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினாள். முனகிக்கொண்டே வலமாக ஓடினாள்.

ஊரும் சும்மா இருக்குமா? எங்கள் ஊரில் மலையை நடந்து சுற்றுவார்கள். உருண்டுகூடச் சுற்றுவார்கள். ஷூ போட்டுக்கொண்டு ஓடுகிறவளை எதில் சேர்ப்பது? கிரிவலப் பாதையில் வாயு லிங்கம் பக்கத்தில் பூ விற்கிற கனகா என்னை நிறுத்திக் கேட்டாள்.

“டீச்சரம்மா, பாப்பாவுக்கு இன்னா வேண்டுதல்? கல்யாணமா?”

“வேண்டுதலெல்லாம் இல்ல கனகா. பந்தயத்துக்குப் பழகுறா.”

“வெளிய சொல்லக் கூடாதுதான், வுடுங்க. இவ்ளோ வேகமா சுத்துறா, நல்ல எடமா சீக்கிரம் அமையும்.”

அடுத்த வாரம் அங்கிருந்த பூசாரி வித்யாவை மறித்து நெற்றி நிறைய விபூதி இட்டு அனுப்பினார். வீட்டுக்கு வந்தவள் வாட்சைப் பார்த்துவிட்டு, “நாப்பது செகண்ட் போச்சு” என்றாள். விபூதியில் வந்த பலன் அவள் கண்ணுக்குத் தெரியாது!

அக்டோபரில் சென்னையில் பத்து கிலோமீட்டர் ஓட்டம். ஒரு மணி இருபத்திரண்டு நிமிடம். எனக்குப் பெருமை தாங்கவில்லை... பிளாஸ்கில் கொண்டுபோன கேழ்வரகுக் கஞ்சியோடு எல்லைக் கோட்டில் நின்றேன். அவளுக்கு முன்னால் ஓடிவந்த பெரியவருக்கு எழுபது வயதாம். கஞ்சியை அவருக்குக் கொடுக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். டிசம்பரில் இருபத்தோரு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். கடைசியில் நொண்டினாள், ஆனால் நிற்கவில்லை. ஜனவரியில் மறுபடி பத்து கிலோமீட்டர். ஒரு மணி ஐந்து நிமிடம். இந்த முறை எழுபது வயதுப் பெரியவர் பின்னால் வந்தார். அதை நான் நாலு பேருக்கு போன் போட்டுச் சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குள் டிரையத்லான் என்ற வார்த்தை வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தது. முதலில் கடலில் நீந்த வேண்டும். ஈரம் சொட்டச் சொட்ட சைக்கிள் மிதிக்க வேண்டும். இறங்கியதும் ஓட வேண்டும். “எதுக்குடி இதெல்லாம்?” என்றேன். “முடிக்கிறதுக்குத்தான்” என்றாள். ஆரம்பிக்காமல் இருந்தால் இன்னும் சீக்கிரம் முடியுமே?

எங்கள் ஊரில் குளங்கள் ஏராளம். எல்லாம் தீர்த்தம். முங்கலாம், பாவம் தொலைக்கலாம். ஒரு பெண் நீந்திப் பழக முடியாது. கீழ்பென்னாத்தூரில் என் தம்பி சேகருக்கு நிலமும், நிலத்தில் ஒரு பெரிய சதுரக் கிணறும் உண்டு. சின்ன வயதில் லீவுக்குப் போகும்போது வித்யா நீச்சல் கற்றதே அதில்தான். ஐப்பசி மழையில் கிணறு நிரம்பியதும் வாரத்துக்கு மூன்று நாள் அங்கே பயிற்சி. இருபது சுற்று.

அவள் நீந்துவாள். நான் பம்பு செட் ரூம் படியில் உட்கார்ந்து பார்ப்பேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தால் பிள்ளை மூழ்காது என்பது என் விஞ்ஞானம்.

முதல் நாள் அவள் இடமாகச் சுற்ற ஆரம்பித்தாள். விட்டேனா?

“வித்யா! இந்தப் பக்கம் திரும்பு!”

“கிணத்துல கூடவாம்மா?”

“கிணத்துல கங்கம்மா இருக்கா. வலமாதான் வரணும்.”

மலைக்குச் செய்த மரியாதையைக் கிணற்றுக்குச் செய்யாவிட்டால் எப்படி? எப்போதாவது மறந்து மாறித் திரும்பினால் படியிலிருந்தே சத்தம் போடுவேன். இப்படி நாலு மாதம் நீரிலும் நிலத்திலும் வலம் வந்தாள்.

சரி, முழங்கால் தண்ணீரில் நிற்கிற மனிதரிடம் திரும்பிப் போவோம்.

பதினேழு நிமிடம். அந்தப் பதினேழு நிமிடத்தில் நான் எந்தெந்தச் சாமியைக் கூப்பிட்டேன், என்னென்ன பேரம் பேசினேன் என்று எழுதினால் பத்திரிகை தனி இணைப்புதான் போட வேண்டும். எல்லோரும் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீந்த வேண்டிய வழியைக் காட்டும் மிதவைகள் அங்கேதான் இருந்தன. முழங்கால் தண்ணீரில் நின்றவர்தான் முதலில் தெற்கே கையைக் காட்டினார்.

வெகு தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகு. அதன் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி.

படகில் ஏறியிருந்தால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்களாம். அதனால் ஏறவில்லை! படகு வழி காட்ட, பின்னாலேயே நீந்தி வந்தாள் மகராசி. கரையேறினாள். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன் என்றுதானே நினைக்கிறீர்கள்?

“எங்கடி போன?” என்று கத்தினேன். காய்கறி வாங்கப் போய் நேரம் கழித்து வந்தவளைக் கேட்பது போல.

“தள்ளும்மா, டைம் ஆகுது” என்று சைக்கிளை நோக்கி ஓடினாள்.

படகோட்டிதான் பதில் சொன்னார். “நல்லாத்தான் நீந்துதும்மா உங்க பொண்ணு. மீனு கெட்டுது போ. ஆனா கொஞ்சம் கொஞ்சமா ஒரே பக்கமா ஒதுங்கிக்கினே போவுது. அது ஏன்னுதான் தெரியல.”

சைக்கிளும் மிதித்து ஓட்டமும் ஓடி கடைசி ஆளாக முடித்தாள். பந்தல் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. எண்ணிக்கொண்டேன்: ஐம்பத்திரண்டு.

திரும்பி வரும்போது காரில் தீர்ப்பு வழங்கினேன். “ஓடு. சைக்கிள் ஓட்டு. தண்ணி மட்டும் இனிமே கிடையாது.” மார்ச் கடைசியில் நடக்கும் அடுத்த டிரையத்லானுக்கு ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்தாள். எதிர்த்துப் பேசவில்லை. அதற்கப்புறம் ஒரு வாரம் ஓடவும் இல்லை, சைக்கிளைத் தொடவும் இல்லை. கிளினிக் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். ஜூலையிலிருந்து நான் கேட்டது இதைத்தானே? கிடைத்தது. பார்க்கத்தான் சகிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சேகர் அவித்த வேர்க்கடலையோடு வந்தான். நடந்ததையெல்லாம் சொல்லி அவனை என் கட்சியில் சேர்க்கப் பார்த்தேன். அவன் வித்யாவைக் கேட்டான். அவள் மேஜையில் நாலு கடலையை மிதவைகளாக வைத்தாள்.

“நேரா போய், இங்க இடது பக்கம் திரும்பணும் மாமா. நேராதான் போறேன்னு நெனச்சேன். அலையில மிதவை தெரியல. தலையத் தூக்கிப் பாத்தா வலது பக்கம் எங்கியோ போயிருக்கேன்.”

சேகர் ஒரு கடலையை உரித்து வாயில் போட்டு நிதானமாக மென்றான்.

“பாப்பா, நம்ம கிணத்துல எந்தப் பக்கமா சுத்துவ?”

வித்யா கடலை மிதவைகளிலிருந்து தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்த்தாள். என் கணவரும் என்னைப் பார்த்தார். அவருடைய ஒரே வசனமும் வரவில்லை.

“போக்கா!” என்று சேகர் சிரிக்க ஆரம்பித்தான். “நாலு மாசமா செக்கு மாடு மாதிரி ஒரே பக்கமா சுத்த வுட்டுட்டு, கடல்ல எறக்கினா அவ எங்க போவா? வலமாதான் போவா. போட்காரன் பாக்கலைன்னா இலங்கையையே பிரதட்சணம் பண்ணிட்டு வந்திருப்பா!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“உனக்குத் தெரியுமாடி?” என்றேன்.

“கரையேறும்போதே தெரியும்மா.”

“ஏன் சொல்லல?”

“நீ அழுதுட்டிருந்த.”

அன்று சாயங்காலம் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனேன். எதிரே மலை. வழக்கமாக ஒரு கும்பிடு போடுவேன். அன்றைக்கு மலையும் நானும் பேசிக்கொள்ளவில்லை.

பிள்ளைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று பயந்து ஒரு கட்டளை போடுகிறோம். அது அவர்களைக் காப்பாற்றுகிறது என்று நம்பி நிம்மதியாகப் படியில் உட்கார்ந்து பார்க்கிறோம். அந்தக் கட்டளையே கையைப் பிடித்து ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போனால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. இதைப் படிக்கிற அம்மாக்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே அவள் நீச்சல் கண்ணாடியைத் தேடி எடுத்து மேஜையில் வைத்தேன். “கீழ்பென்னாத்தூர் போலாம், கிளம்பு” என்றேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டால் நான் மாறிவிடுவேன் என்ற பயமாக இருக்கும்.

கிணற்றில் இறங்கியதும் பழக்கத்தில் வலமாகத் திரும்பினாள்.

“வித்யா!” என்று கத்தினேன். “இடது பக்கம் திரும்பு.”

திரும்பினாள். இரண்டு முறை தண்ணீர் குடித்தாள், இருமினாள், சுவரில் இடித்துக்கொண்டாள். நாலு மாதப் பழக்கம் ஒரு காலையில் போய்விடுமா? எனக்கோ படியில் இருப்புக்கொள்ளவில்லை. அப்பிரதட்சணம் என்றால் அப்பிரதட்சணம்தானே... கங்கம்மா என்ன நினைப்பாள்? கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தேன். செருப்பைக் கழற்றினேன். அவள் கிணற்றுக்குள் இடமாகச் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும், மேலே கிணற்று மேட்டில் நான் ஒரு சுற்று வலமாக நடந்தேன். வீட்டில் ஒருவராவது சரிக்கட்ட வேண்டாமா?

பத்தாவது சுற்றில் கால் வலித்தது. பதினைந்தில் மூச்சு வாங்கியது. பத்தொன்பதில் பம்பு செட் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“ம்மா, நிக்காத! இன்னும் ஒரே ஒரு சுத்துதான்!”

எனக்கு வயது ஐம்பத்தொன்று. முடித்தேன். டைமிங் மட்டும் கேட்காதீர்கள்.