கண்ணில் படாத நிறம்

சுதந்திரம் வருவதற்கு முந்தைய மாதங்களில் எங்கள் தீவின் தலைநகரான போர்ட் லூயிஸில் அங்கங்கே இனத்துக்கு இனம் அடிதடி நடந்தது. எங்கள் தெருவுக்கு அது வரவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு கடையின் கதவை உடைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். நிலைமை முற்றினால் கணவரையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வடக்கே ட்ரியோலேயில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது. என் கணவர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். எதையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற ஆள். ஆகவே ஏற்பாடு முழுவதும் என் தலையில் விழுந்தது.

பேருந்தில்தான் போக வேண்டும். வழியில் யார் நிறுத்துவார்கள், நாம் எந்தப் பக்கத்து ஆள் என்பதை எதைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. முகத்தை மாற்ற முடியாது, துணியையாவது மாற்றலாம் என்று நினைத்தேன். கூடையை மாட்டிக்கொண்டு மூன்று நாள் காலையில் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றேன். போகிறவர் வருகிறவர்களின் உடையைப் பார்ப்பது, வீட்டுக்கு வந்து யார் யார் நினைவில் நிற்கிறார்கள் என்று யோசிப்பது. இதுதான் என் பரீட்சை. மஞ்சள் கரை வைத்த சேலை நின்றது. பெரிய பூப்போட்ட கவுன் நின்றது. வெள்ளைச் சட்டை போட்டவர்கள்கூட நின்றார்கள். சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு மங்கல் நிறத்தில் எத்தனையோ பேர் போயிருப்பார்கள், ஒருவர் முகமும் நினைவுக்கு வரவில்லை. அந்த நிறத்தைத் தேடிக் கடைக்குப் போனேன்.

"வீட்டில ஏதும் துக்கமா?" என்று கடைக்காரர் கேட்டார். துக்கம் வராமல் இருக்கத்தான் என்று சொல்ல வந்து, துணியை அளக்கச் சொன்னேன்.

நான்கே நாளில் தைத்து முடித்தேன். எனக்கும் பெண்களுக்கும் கவுன், அவருக்குச் சட்டை. ஓட வேண்டி வந்தால் காலைத் தடுக்காதபடி அகலமாக வெட்டினேன். பிறப்புச் சான்றிதழ்களை வைக்க என் கவுனுக்கு உள்பை. மினுக்கும் பித்தான் ஒன்றுகூட இல்லை. பெரியவளுக்குப் பத்து வயது, அழுது பார்த்தாள். சின்னவளுக்கு நான்கு, அவளுக்குப் புதுத்துணி என்றால் போதும். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு எல்லாவற்றையும் மடித்து வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, காலை வேளையில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "இன்னைக்கே கிளம்பிடுங்க" என்றார். உடுத்திக்கொண்டோம். மூக்குத்தியைக் கழற்றினேன். தாலியை உடைக்குள் தள்ளி ஊசி குத்தினேன். பொட்டைத் துடைக்கும்போது மட்டும் கை கூசியது. கணவர் எதிரில் நிற்கிறார், நான் நெற்றியைத் துடைக்கிறேன். அவர் வேறு பக்கம் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ எங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அய்யோ, நாலு பேரும் பாரேய்! ஆளுக்கொரு கொட்டு குடுத்தா பேண்டு செட்டுதான்!"

பாரேய் என்றால் எங்கள் தீவின் கிரியோல் பேச்சில் ஒரே மாதிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீபாவளிக்கு ஒரே துணிக்கட்டு எடுத்து வீட்டில் எல்லாருக்கும் தைப்பது எங்கள் வழக்கம். என் அம்மா செய்தாள், நானும் செய்துவந்தேன். கை பழகிய வேலையில் மூளைக்கு என்ன இடம்? யார் கண்ணிலும் படக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு, நான்கு பேரையும் ஊர்வலத்துக்கு நிறுத்தினாற்போல நிறுத்தியிருந்தேன். மாற்ற நேரமில்லை. "சிரிக்கிற நேரமா இது?" என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

பேருந்து நிலையத்தில் பாதி ஊர் நின்றது. வடக்கே போகும் வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் ஏற முண்டிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ கத்தினார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மறுபடி நிமிர்ந்தது. அவ்வளவுதான் நடந்தது. என் கையில் சின்னவளின் கை இல்லை.

அவளைத் தேடினேன். எங்கே பார்த்தாலும் சாம்பல், பழுப்பு, தூசி. சிவப்புக் கவுன் போட்டிருந்தால் இந்நேரம் கண்டுபிடித்திருப்பேன். மூன்று நாள் நின்று நான் தேர்ந்தெடுத்த நிறம் என் பிள்ளையை என்னிடமிருந்தே மறைத்துவிட்டது. பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் பயம், பெயரைக் கேட்டாலே நாங்கள் யார் என்று தெரிந்துவிடும். அந்தப் பயத்தில் முதலில் கொஞ்ச நேரம் கூப்பிடாமலே தேடினேன். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிறகு கத்தினேன்.

தோளில் ஒரு கை விழுந்தது. என் வயதுப் பெண் ஒருத்தி, இடுப்பில் என் சின்னவளை வைத்துக்கொண்டு நின்றாள். "மேம் லத்துவால்" என்று என் கவுனின் கையைத் தொட்டுக் காட்டினாள். அதே துணி என்றாள். பெரியவளையும் என் கணவரையும் பார்த்து, என்னையும் பார்த்து, துணியை வைத்தே எங்கள் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

நான் கையை நீட்டினேன். நீட்டியபடியே அவள் கழுத்தைப் பார்த்தேன். சிலுவையா, தாயத்தா, தாலியா, எந்தப் பக்கத்து ஆள் என்று. கழுத்தில் ஒன்றும் இல்லை. வெயில் படாத வெளுத்த கோடு மட்டும் சங்கிலி கிடந்த இடத்தில் தெரிந்தது. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு மேல் பித்தானைப் போட்டுக்கொண்டாள். "சீக்கிரம் ஏறுங்க" என்று கிரியோலில் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் அண்ணன் வீட்டில் சாப்பிட்டோம். நான் அவளுக்கு நன்றி சொன்னேனா என்பது எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. பிள்ளையை வாங்குவதற்கு முன் அவள் கழுத்தைப் பார்த்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.